பிரமாணம் மலையாளத்துல, கையெழுத்து தமிழ்ல: குமரிக்காரங்களுக்குப் பூர்வீகம் எது?

கொல்லாமாவு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன். இப்பதான் முதல் தடவையா எழுதுதேன்.

ஊர் குழித்துறைக்குப் பக்கம், வேலை சென்னையில. போன மாசம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சு மேயறதுக்காகப் போயிருந்தோம். மச்சுல ஒரு தகரப்பெட்டி கிடந்துது. சாவி எங்கன்னு அப்பாவுக்கே தெரியல, உடைச்சுத்தான் திறந்தோம். உள்ள பாட்டாவோட ஒரு கதர்த் துண்டு, கரம் தீர்த்த ரசீது கொஞ்சம், அடியில ஒரு பிரமாணம், அதான் நிலப் பத்திரம். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரத்தாள், நாலு பக்கம், முழுசும் மலையாளம். எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனா ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு கையெழுத்து இருக்கு. தமிழ்ல. கோணிக்கோணி, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருக்கு. பாட்டாவோட அப்பா, எங்க பூட்டன் பேரு.

தனக்கு வாசிக்கத் தெரியாத நாலு பக்கத்துக்கு அடியில அவரு தமிழ்ல பேரு போட்டிருக்காரு. அந்தத் தாளை வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

பாட்டா 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்குப் புதுக்கடைக்குப் போன கூட்டத்துல ஒருத்தரு. இடது தோள்ல லத்தியடி பட்ட தழும்பு இருந்துது. சின்னதுல முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சு விடும்போது அதைத் தொட்டுப் பாப்பேன். "தமிழ்நாட்டுக்கு வாறதுக்குக் கொடுத்த வாடகை"ன்னு சொல்லுவாரு.

இப்ப என் மக எட்டாங்கிளாஸ். சென்னையில அவ பேச்சைக் கேட்டு, கூடப் படிக்கிற பிள்ளைங்க "மலையாளி"ன்னு கூப்பிடுதாங்க. இந்த லீவுல பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனேன். தாய்க்கொட்டாரத்துல மரவேலையைப் பாத்துக்கிட்டே, "அப்பா, இது நம்ம ராஜா வீடா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல. அந்த ராஜ்யத்துல எங்க ஆட்கள் தலையில துண்டு கட்டக்கூடாது, பெண்கள் மேல்சீலை போடக்கூடாது. ஆனா அந்த மரத்தூணைப் பாக்கும்போது, இது நம்ம ஊர் ஆசாரி கைன்னு நெஞ்சு நிறையத்தான் செய்யுது. ரெண்டும் உண்மை.

உங்க வீட்டுப் பிள்ளைங்க கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?

முன்சிறைக்காரன்

தம்பி, பாட்டா தோள்ல இருந்த தழும்பே பதில்தானே. இதுக்கு மேல என்ன வேணும்?

பிள்ளைகளுக்கு முதல்ல இதைச் சொல்லிக்கொடுங்க. திருவிதாங்கூர் ராஜ்யத்துலயும் பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலயும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவிலயும் தமிழ் பேசுறவங்கதான் கூடுதல். ஆனா கோர்ட், கச்சேரி (சர்க்கார் ஆபீஸ்), பதிவாபீஸ் எங்க போனாலும் மலையாளம். உங்க பூட்டன் வாசிக்கத் தெரியாத தாளுக்குக் கையெழுத்துப் போட்டதும் அதனாலதான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954 ஆகஸ்ட் 11ஐ விடுதலை தினம்னு அறிவிச்சுது. புதுக்கடையிலயும் தொடுவெட்டியிலயும் போலீஸ் சுட்டுது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர். அவரோட கட்சித் தலைவர்களில் ஒருத்தரான ராம் மனோகர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னாரு, பட்டம் கேக்கல. 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் நாம தாய்த் தமிழகத்தோட சேர்ந்தோம். நம்ம போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி எவ்வளவோ போராடியும் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கல.

எங்க குடும்பத்துலயும் அந்தப் போலீஸ் வெடிவைப்புல ஒரு உயிர் போயிருக்கு. பேரை இங்க எழுதல. ஆகஸ்ட் 11 வந்தா எங்க அம்மை இப்பவும் சாயங்காலம் ஒரு விளக்கு கொளுத்தி வைப்பா. இந்த மண்ணுல பிறந்த பிள்ளை "நாம தமிழரா?"ன்னு கேட்டா எனக்குத் தாங்கல.

வேளிமலைச்சாரல்

கொல்லாமாவு தம்பிக்கும் முன்சிறை அண்ணாச்சிக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தக்கலைப் பக்கம். எங்கள் வீட்டில் பேசுவது மலையாளம். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணாச்சி, அந்த விளக்குக்கு முன்னால் நானும் கைகூப்புவேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் 1956 நவம்பர் 1 என்பது கேரளம் பிறந்த நாளும்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் என் பாட்டி அழுதாள் என்று அம்மா சொல்வாள். அவளுடைய இரண்டு அக்காமார் வீடு பாறசாலைக்கு அந்தப்பக்கம். தமிழ்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. நேற்றுவரை ஒரே வீடாக இருந்ததற்கு நடுவில் ஒரு கோடு விழுந்ததே என்றுதான் அழுதாள்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபிறகு, குமரியில் மலையாளவழிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தீரவேண்டும் என்றானது. நான் அதை எதிர்க்கவில்லை. இந்த மண்ணில் வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் இருக்கக்கூடாது. ஆனால் இன்று என் பேத்திக்கு மலையாளம் எழுதத் தெரியாது. எங்கள் அலமாரியில் இருக்கும் என் அப்பாவின் கடிதங்கள் அவளுக்கு வெறும் சுழி. அந்தப் பிரமாணத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களே தம்பி, அப்படித்தான் அவளும் ஒருநாள் உட்காருவாள்.

நான்கு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் வாசித்துச் சொல்கிறேன்.

ஷார்ஜா மக்கா

நம்மள இங்க முதல் நாளே "நாட்டுல எவிட?"ன்னு கேப்பாங்க. நாகர்கோயில்னு சொன்னா, "ஓ, தமிழனானோ?"ன்னு முகம் மாறும். மதுரைக்காரன் கூட இருந்தா "நீ மலையாளியாடே"ங்கான். பாஸ்போர்ட்டுல இந்தியன். பதினாலு வருசமா மூணும்தான். ராத்திரி ரூமுல மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைக்கும்போது மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.

டீச்சர் வாசிச்சா இங்கயே போடுங்க, நாங்களும் காத்திருக்கோம்.

வடக்குவாசல்

கொல்லாமாவு அண்ணன் கேட்டது அரண்மனையைப் பத்தி. அதைச் சுத்திப் போகாம நேரா சொல்லுதேன். அது நம்ம ராஜா வீடு இல்ல.

நான் அய்யாவழிக் குடும்பம். சாமிதோப்புல வளர்ந்தவன். எங்க அய்யா வைகுண்டர் அந்த அரசனைச் சொன்ன வார்த்தை நீசன். தலைவரி, தாலிக்கு வரி, பனைக்கு வரி, வரிக்கு மேல ஊழியம். ஓலை வெட்டிக் கொடுக்கணும், உப்பு சுமக்கணும், கூலி கிடையாது. அய்யா அதைக் கேள்வி கேட்டாரு, சிங்காரத்தோப்புல சிறை வச்சாங்க. திரும்பி வந்து, ஆண்களைத் தலைப்பாகை கட்டிட்டுத்தான் பதிக்குள்ள, அதாவது எங்க கோயிலுக்குள்ள, வரணும்னாரு. ராஜா கட்டாதேன்னு சொன்ன துணியைச் சாமி முன்னால கட்டிக்கிட்டு நின்னோம். பள்ளியறையில சிலை கிடையாது, நிலைக்கண்ணாடி. உனக்குள்ள பாருன்னு அர்த்தம். முந்திரிக்கிணத்துல எல்லா சாதியும் ஒரே தண்ணி கோரிக் குளிச்சாங்க.

தோள்சீலைக்காகக் கிட்டத்தட்ட நாப்பது வருசம் அடிதடி. 1859 ஜூலை 26ல அரசு விளம்பரம் போட்டு மேலாடை அனுமதிச்சாங்க. அப்பவும் மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை. என் பூர்வீகம் எதுன்னு கேட்டா அந்தத் தலைப்பாகை. அரண்மனைத் தூண் எவ்வளவு அழகா இருந்தாலும் அது எங்க ஊழியத்துல நின்ன தூண்.

பழையாறு

வடக்குவாசல் தம்பி சொன்ன எதையும் மறுக்க எனக்கு வாயில்லை. நான் நாஞ்சில்நாட்டு வேளாளக் குடும்பம். அந்த ஊழியத்தில் எங்கள் பெரியவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசினால் அது பூர்வீகம் ஆகாது.

ஆனால் அந்தத் தூணை ராஜாவுக்கே விட்டுக்கொடுத்துவிடலாமா? ஊழியம் செய்தவனுக்கும் உளி பிடித்தவனுக்கும்தானே அது முதலில் சொந்தம்? 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபோது ராஜா போய்விட்டார். வீடு இங்கேதான் நின்றது. இன்று அது நம் கல்குளத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நம் ஊரில் நின்றுகொண்டு கேரள அரசின் சீட்டு வாங்கி உள்ளே போகிறோம். சிலருக்கு இது வலிக்கிறது. எனக்கு வலிக்கவில்லை. அவர்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நவராத்திரிக்கு முன்னால் நடக்கும் சாமி ஊர்வலத்தை ஒருமுறை வந்து பாருங்கள். தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். உப்பரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றுவார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுக்கும். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, அதற்கடுத்த நாள் திருவனந்தபுரம். வழிநெடுக ஜனங்கள் நிறைநாழி வைத்து நிற்பார்கள். எல்லைக்கல் இந்தப்பக்கம் நிற்கிறவளும் அந்தப்பக்கம் நிற்கிறவளும் ஒரே மாதிரிக் குலவையிடுவாள். நான் ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் தமிழனா என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. திருவிதாங்கூர்க்காரன் அல்ல என்றும் தோன்றியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. பெற்ற அப்பன் போனபிறகு பிள்ளைகள் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்குக்காகக் குடும்பத் தலைவரான காரணவர் வாசலில் நிற்கவேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைப் பாட்டாகவே எழுதி எங்கள் முகத்தில் எறிந்தார். 1926இல் சட்டம் வந்து அது ஒழிந்தது. அதுவும் முன்னோர் வகுத்த வழிதான். நல்லவேளை, எங்கள் தாத்தாமார் அதைக் கட்டிக் காப்பாற்றவில்லை.

முன்சிறைக்காரன்

பழையாறு அண்ணாச்சி, ஊர்வலம் போகட்டும், சாமி கும்பிடட்டும், யாரு வேண்டாங்கா? ஆனா நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில எங்க விளவங்கோட்டு வயலுக்குத் தண்ணி வந்து எத்தனை வருசமாச்சு? யானைக்கு எல்லை கிடையாது, தண்ணிக்கு மட்டும் எல்லை உண்டா? சாமிக்குக் கொடுக்கிற மரியாதையில ஒரு மடையைத் திறந்துவிட்டா எங்க ஊர்ல நெல்லு விளையும். இப்ப வயலெல்லாம் வாழையும் ரப்பருமாப் போச்சு.

பழையாறு

அதில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன்.

வயக்கரை

இவ்வளவும் வாசிச்சேன். எழுதவா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்க வீட்டுல பெட்டி இல்ல. பிரமாணமும் இல்ல. மலையாளத்துலயும் இல்ல, தமிழ்லயும் இல்ல. நாங்க வயல்ல வேலை செய்தவங்க. 1855ல திருவிதாங்கூர்ல அடிமை முறையை ஒழிச்சு விளம்பரம் வந்துது. அதுக்கு முன்னால உள்ள தாள்ல எங்க ஆட்கள் பேரு இருந்தா, எழுதி வாங்கினவங்க பக்கத்துல இருக்காது. எழுதி வித்த பொருள் பட்டியல்ல இருக்கும். மாட்டோடயும் நிலத்தோடயும் சேத்து.

1936 நவம்பர்ல கோயில் நுழைவு வந்தப்ப எங்க பூட்டி சுசீந்திரத்துக்கு நடந்தே போனாளாம். உள்ள போய் என்ன பாத்தேன்னு கேட்டா, "தரை"ன்னு சொன்னாளாம். நிமிந்து பாக்கப் பயந்து கல்லுத்தரையையே பாத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வந்துட்டா. அந்தக் கல்லு ரொம்ப குளிர்ச்சியா இருந்துதுன்னு சாகுறவரைக்கும் சொன்னாளாம். எனக்கு வந்து சேர்ந்த பூர்வீகச் சொத்து அந்த ஒரு வார்த்தைதான். நானும் அங்க போனா செருப்பைக் கழட்டிட்டு முதல்ல தரையைத்தான் பாப்பேன்.

ராஜா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நவம்பர் 1ம் எங்க தெருவுக்குப் பெருசா வந்து சேரல. எங்க அப்பா சட்டம் படிச்சாரு, அதனால எனக்கு இந்தியாங்கிற சொல்லுமேல ஒரு பிடிப்பு உண்டு. 1950 ஜனவரி 26ல முதல் தடவையா இந்த மண்ணுல எங்களுக்குச் சமம்னு எழுதின ஒரு தாள் வந்துது. எங்க வீட்டுப் பிரமாணம் அதுதான்னு அப்பா சொல்லுவாரு.

யாரையும் குத்திச் சொல்லல. கொல்லாமாவு அண்ணன் மனசுதெறந்து கேட்டதாலதான் எழுதினேன்.

கொல்லாமாவு

தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. "தரை"ங்கிற வார்த்தையைத் தாண்டி என்னால மேற்கொண்டு வாசிக்க முடியல. எங்ககிட்ட ஒரு பெட்டியாவது இருந்துதுங்கிறதை நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல.

தூத்தூர் கடலோடி

நீங்க எல்லாரும் கரையில நின்னு பேசுதிய. நான் வள்ளத்துல நின்னு பேசட்டா?

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. எட்டு ஊர். ரேஷன் கார்டு தமிழ்நாடு. ஆனா எங்க பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துக்குக் கீழ. வள்ளம் கட்டுறது, மீன் விக்கிறது கொச்சியில. சுறாவுக்குப் போனா கோவா, குஜராத் தாண்டிப் போவோம். பாட்டு தமிழ்ல, பிரசங்கம் சில நாளு ரெண்டும் கலந்து.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். எங்க ஆளுங்க கடல்ல கிடக்காங்க, தேடப் போங்கன்னு கேட்டு குழித்துறையில தண்டவாளத்துல உக்காந்தோம். கேரளத்துல செத்தவங்க குடும்பத்துக்கு இருபது லட்சம்னு சொன்னாங்க. இங்க பத்துன்னாங்க, பிறகுதான் இருபது ஆச்சு. அப்ப எங்க கூட்டத்துல சில பேரு சத்தம்போட்டாங்க, "எங்களைக் கேரளத்தோட சேத்துருங்க"ன்னு.

முன்சிறை அண்ணாச்சிக்கு இது எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அதைக் கத்தினவங்க தமிழை வேண்டாம்னு சொல்லல. கடல்ல கிடக்கிற மகனை எந்த அரசாங்கம் தேடித் தருமோ அதுதான் அந்த நேரத்துல தாய்நாடு. எங்க பக்கத்து வீட்டுல மூணு பேரு வரல. அந்த வீட்டு அம்மை இப்பவும் ராத்திரி முன்வாசல் கதவைத் தாப்பாள் போடமாட்டா.

முன்சிறைக்காரன்

தம்பி, வலிக்கல. அந்த அம்மைக்கிட்ட போய் நவம்பர் 1 பத்திப் பேச எனக்கு வாய் வராது. புதுக்கடையில உயிர் கொடுத்தவங்க, நம்ம மொழி தெரிஞ்ச கச்சேரி நமக்காக எழுந்து வரணும்னுதான் கொடுத்தாங்க. கூப்பிட்டும் அது எழுந்து வரலன்னா கோபப்பட உங்களுக்கு எல்லாரையும் விட உரிமை உண்டு.

திருச்சாரணம்

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாமா? எல்லாரும் 1741 குளச்சல் போரில் இருந்தோ 1956இல் இருந்தோ தொடங்குகிறோம்.

சிதறால் மலைக்கு ஏறியிருப்பீர்கள். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பத்மாவதி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அது பகவதி கோயிலானது. நாகர்கோயிலுக்குப் பெயர் கொடுத்த நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். பாம்புக் குடையின் கீழ் நிற்கிற பார்சுவநாதரைப் பார்த்துவிட்டு நாகர் என்று பாலூற்றிக் கும்பிட்டுப் போகிறோம்.

அந்தச் சமணர்கள் எங்கே போனார்கள்? அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள்தான் நம்மில் யாரோ. நாடாரிலும் இருக்கலாம், வேளாளரிலும் இருக்கலாம், கடற்கரையிலும் இருக்கலாம். முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம், 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் கல்விச்சாலையும் கட்டி, தொண்ணூற்றைந்து மாணவர்கள் படிக்க ஏற்பாடு செய்தான். அந்தச் செப்பேட்டு மொழியைப் பார்த்தால் தமிழா மலையாளமா என்ற சண்டையே எழாது. வேணாட்டு அரசர்கள் வெட்டிய பழைய கல்வெட்டுகளும் வட்டெழுத்தில் தமிழ்தான். நாம் இரண்டு வீடாகப் பிரிந்தது பின்னால் நடந்தது.

அதனால், எந்தக் கல்வெட்டில் இருந்து பூர்வீகத்தைத் தொடங்குகிறோம் என்பது நாம் தேர்ந்தெடுக்கிற காரியம். வயக்கரை தங்கையின் தந்தை 1950இல் இருந்து தொடங்கினார். அதுவும் முழுக்கச் சரிதான்.

வடக்குவாசல்

தேர்ந்தெடுக்கிற காரியம்னு லேசா சொல்லிட்டீங்க சார். எங்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க விடவே இல்ல. தலையில துண்டு இல்லாம நிக்க வச்சவன் எங்க சரித்திரத்தையும் சேத்து எழுதினான்.

திருச்சாரணம்

நீங்கள் சொல்வது நியாயம். "லேசா" என்ற இடத்தில் என் பிழை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் போராடித்தான் கிடைத்தது என்று எழுதியிருக்கவேண்டும்.

அப்பா பள்ளித்தெரு

தக்கலையில இருந்து ரெண்டு வரி. பீர்முகம்மது அப்பா தர்காவுல ஆண்டுதோறும் ராத்திரி முழுக்க அவரோட ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமா உக்காந்து பாடுவோம். அல்லாவைப் பத்தின பாட்டு, தமிழ்ல. எங்க வாப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு, இப்ப என் மகன் என் கையைப் பிடிச்சு வாறான். அரபும் தமிழும் எங்க வாயில சண்டை போட்டதே இல்ல.

வேளிமலைச்சாரல்

கொல்லாமாவு தம்பி அனுப்பிய படங்கள் கிடைத்தன. வாசித்துவிட்டேன். ஒரு இடத்தில் தயங்கினேன். தனியாக எழுதிக் கேட்டதற்கு, "ஒளிக்காம இங்கயே போடுங்க டீச்சர்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கொல்லம் ஆண்டு 1109, மேடமாசம். அதாவது 1934 ஏப்ரல், மே. முப்பத்தெட்டு சென்ட் வஸ்து. விலை சர்க்கார் ரூபாய் அறுபத்திரண்டு, சக்கரம் பதினாலு. இளையவர்களுக்குத் தெரியாது, அப்போது இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். ஆக அது அறுபத்திரண்டரை ரூபாய். அந்த அரை ரூபாய்க்காக எவ்வளவு பேரம் நடந்திருக்குமோ.

விற்றவர் ஒரு தரவாட்டுக் காரணவர். அவருக்கு வீட்டுப்பேர், பதவி எல்லாம் சேர்த்து இரண்டரை வரி. வாங்கியவருக்கு ஒரு வரி: வயது முப்பத்தொன்பது, தொழில் பனையேற்று, பிறகு சாதி. சாதிக்கு அந்தக் காலத்தில் இழிவாகச் சொன்ன சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். அதை இங்கே எழுத என் கை வரவில்லை.

தம்பி, விற்றவர் எங்கள் சாதிக்காரர். எழுதியவரும் அநேகமாக எங்கள் ஆள்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்று சொல்லி என்னால் ஒதுங்க முடியவில்லை. அந்தக் கையெழுத்தின் அழகை ரசித்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். அந்தச் சொல் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். என் மொழியில், இத்தனை அழகான எழுத்தில், இப்படி எழுதியிருக்கிறதே. உங்கள் பூட்டன் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் தமிழில் தன் பேரைப் போட்டிருக்கிறார். மற்ற பக்கங்களைவிட அந்தப் பக்கத்தில் எழுத்து இன்னும் பெரிதாக இருக்கிறது. நீங்களே பாருங்கள்.

வடக்குவாசல்

டீச்சர், நீங்க இதை எழுதினதை எங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்"னு சொன்னா.

ஷார்ஜா மக்கா

முப்பத்தொன்பது வயசுல அறுபத்திரண்டு ரூபாய் சேத்து முப்பத்தெட்டு சென்ட். பனையேறி! அக்கானி இறக்கி, கருப்பட்டி காய்ச்சி. நான் இங்க நிக்கிறது நாட்டுல ஆறு சென்ட் வாங்கத்தான். அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடணும்.

மட்டிக்குலை

எனக்கு ஒரு சந்தேகம். நம்ம பிள்ளைங்க மலையாள எழுத்து படிக்கணுமா இப்ப? தமிழே ஒழுங்கா எழுதத் தெரியல.

பழையாறு

படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. விளவங்கோடு, கல்குளத்துப் பழைய பத்திரம் எத்தனை வீட்டில் வாசிக்க ஆளில்லாமல் கிடக்கிறது! வழக்கு வந்தால் மொழிபெயர்ப்பவரைத் தேடி அலைகிறார்கள். வாசிக்கத் தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. மொழி வெறுப்பையும் மொழிப்பற்றையும் விடுங்கள். நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது நமக்கு வாசிக்கத் தெரியவேண்டாமா?

முன்சிறைக்காரன்

இதை நான் சொல்லுவேன்னு நானே நினைக்கல. பழையாறு அண்ணாச்சி சொல்லுறது சரி. என் வீட்டுலயும் அப்படி ரெண்டு தாள் கிடக்கு. அந்த எழுத்தைக் கண்டாலே கோபம் வரும், அதனால திறந்ததே இல்ல. நாளைக்கு எடுத்துப் பாக்கேன். எங்க ஆட்கள் பேரு அதுலயும் இருக்கும் இல்லியா.

வயக்கரை

அண்ணாச்சி, திறந்து பாக்கும்போது எல்லைச் சாட்சி, வேலைக்காரங்க பேரு ஏதும் இருந்தா அதையும் எழுதி வைங்க. எங்க ஆளுங்க பேரு அப்படித்தான் ஓரத்துல எங்கயாவது கிடைக்கும்.

முன்சிறைக்காரன்

கட்டாயம் எழுதி வைக்கேன் மக்ளே.

கொல்லாமாவு

மூணு வாரம் கழிச்சு வாறேன். பொறுத்துக்கணும்.

டீச்சர் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்தச் சாதிச் சொல் வந்த இடத்துல அப்பா ஒண்ணும் பேசல. வெளிய போய்ப் புளிமூட்டுக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, "இன்னொரு தடவை வாசி"ன்னாரு. மூணு தடவை வாசிச்சேன்.

பிறகு நானும் மகளும் மலையாள எழுத்து படிக்கத் தொடங்கினோம். களியக்காவிளையில ஒரு கடையில ஒண்ணாங்கிளாஸ் பாடப்புத்தகம் வாங்கினேன். எனக்குத் திணறுது, அவ வேகமா பிடிக்கா. ப, வ, ம, ய எல்லாம் நம்ம எழுத்து மாதிரியே இருக்குன்னு சிரிக்கா. போன ஞாயித்துக்கிழமை பிரமாணத்தோட ரெண்டாம் பக்கத்தைத் தரையில விரிச்சோம். மரக் கணக்கு எழுதியிருக்கிற பக்கம். டீச்சர் சுருக்கமா சொல்லியிருந்தாங்க, நாங்க நாங்களா வாசிக்கணும்னு அதை மட்டும் விட்டு வச்சிருந்தோம்.

அவளா வாசிச்ச முதல் சொல்லு "பன". அதுக்குப் பக்கத்துல முப்பத்தொண்ணு மூடு. தெங்கு ஒன்பது. பிலாவு ரெண்டு. மாவு ஒண்ணு. புளி ஒண்ணு. கிழக்கு எல்லை தோடு, அதாவது வாய்க்கால்.

முப்பத்தொண்ணு பனையைப் பூட்டன் காலையிலயும் சாயங்காலமும் ஏறியிருப்பாரு. இப்ப ஒரு பனை கூட இல்ல. தோட்டுக்குச் சிமெண்ட் போட்டு ஓடையாக்கியாச்சு. பிலாவு நான் சின்னப் பையனா இருக்கும்போது கதவுக்கு அறுத்துட்டாங்க, அந்தக் கதவு இப்பவும் இருக்கு. புளி மட்டும் நிக்கிது. மகள் பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு வெளிய ஓடி, அந்த மரத்தைத் தொட்டுப் பாத்துட்டு வந்தா. அரண்மனையைப் பத்தி அவ கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லல. இந்தத் தடவை அவளும் கேக்கல. "அப்பா, பூட்டன் மலையாளத்துல வாசிக்கத் தெரியாமலா கையெழுத்துப் போட்டாரு? ஏமாத்தியிருந்தா என்ன செய்திருப்பாரு?"ன்னுதான் கேட்டா.

டீச்சர், மூணாம் பக்கத்துல நடுவுல ஒரு வரி மடிப்புல மங்கிப் போச்சு, வழியைப் பத்தி ஏதோ வருது. கண்ணாடி வச்சுப் பாத்தும் பிடிபடல. வாற சனிக்கிழமை காலையில வீட்டுல இருப்பீங்களா? அப்பாவும் வாறேங்காரு. உங்க அப்பாவோட கடிதங்களை எடுத்து வைங்க, என் மக உங்க பேத்திகூட உக்காந்து வாசிப்பா.